கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வந்த விதம்

இலங்கையில் உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அடித்துவிட்டு ஓட வேண்டியதுதான். கணவரின் வன்முறையிலிருந்து தப்ப எனக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது.

அலுமாரியில் இருந்த ஃபைலை அவர் அடிக்கடி தூக்கிப் பார்ப்பார். அதனால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றாக உருவி, அந்த இடத்தில் பழைய கரண்ட் பில்களைச் செருகினேன். ஃபைல் மெலியவில்லை. எடுத்தவை மரக்கறிப் பையின் அடியில் வெள்ளவத்தை அக்கா வீட்டுக்குப் போயின. அடையாள அட்டை மட்டும் எப்போதும் என்னோடு.

போன்தான் பெரிய தலைவலி. என் வட்ஸ்அப் அவருடைய கணினியிலும் திறந்திருந்தது. உடனே நீக்கினால் சந்தேகம் வரும். சரி என்று அப்படியே விட்டுவிட்டு, அக்காவின் போனில் பெண்கள் உதவி இலக்கமான 1938க்குப் பேசினேன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை (துன்புறுத்துபவரைத் தடுக்கும் உத்தரவு) கேட்கலாம். 12 மாதம் வரை கிடைக்கும். அதற்கு விவாகரத்து வழக்குப் போடத் தேவையில்லை; இதைப் பலர் அறியார்.

புறப்படும் நாளை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. (பாவம், அவருக்கு வாயில் ஒன்றும் நிற்காது.) கணவர் வேலைக்குப் போனதும் ஆட்டோவைத் தெருமுனைக்கு வரச் சொன்னேன். ஏறியதும் போனை அணைத்தேன். அப்புறம், அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அவர் முதலில் தேடுவது அங்கேதான்.