பின்னல், உடற்பயிற்சி, வாலு நாய்: சனி ஞாயிறில் செய்யக் கூடாதவை

சனிக்கிழமை காலையில் கொஞ்சம் உடற்பயிற்சி, சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவது, காலடியில் நாய். இதைவிட நிம்மதியான வார இறுதி எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைப்பதில்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. ஊசி பிடிப்பது, புஷ்-அப் எடுக்கும்போது உடம்பைத் தாங்குவது, நாய் இழுக்கும்போது கயிற்றை அடக்கிப் பிடிப்பது எல்லாம் அதே மணிக்கட்டுதான். நூற்கண்டு உருண்டு விழுகிற தரையில்தான் நாயும் படுத்திருக்கிறது.

முதல் தவறு, நாயை வெளியே கூட்டிப் போகாமலே பின்னல் பையைத் திறப்பது. வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்த இளம் நாய்க்கு உங்கள் மடியிலிருந்து துள்ளித் துள்ளி அவிழ்கிற நூல் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அது குறும்பு செய்யவில்லை, விளையாடக் கூப்பிடுகிறது. முதலில் ஒரு நல்ல நடை, அதுவும் அவசரப்படுத்தாமல், வழியில் மோப்பம் பிடிக்க விட்டு; அப்புறம் தண்ணீர், சாப்பாடு. அது தானாகப் படுத்துத் தூங்கிய பிறகு ஊசியை எடுங்கள்.

நடைக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்பதும் முக்கியம். விடுமுறைதானே என்று ஒன்பது, பத்து மணி வரை தூங்கிவிட்டு ஏப்ரல், மே மாதத்துச் சென்னைத் தார்ச்சாலையில் நாயை இறக்குகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. உங்கள் காலில் செருப்பு இருக்கிறது, அதன் காலில் இல்லை. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், தாங்க முடியவில்லையா, திரும்பி வீட்டுக்குப் போய்விடுங்கள். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்த்து ஆறாது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். கடலோரப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. மூக்குச் சப்பையான பக், ஷிட்சூ வகைகளுக்கு இன்னும் கஷ்டம்.

கயிற்றை விரல்களில் சுற்றிக்கொண்டு நடக்காதீர்கள். எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், ஒரே இழுப்பில் விரல் பிசகிவிடும், சில நேரம் எலும்பே முறியும். பிடி வளையத்துக்குள் கையை நுழைத்து, கயிற்றை உள்ளங்கையில் பிடித்தால் போதும்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலியை விட்டு எழாமல், சனிக்கிழமை ஒரே மூச்சில் அத்தனையையும் முடித்துவிடப் பார்ப்பது வேண்டாம். பிளாங்க், புஷ்-அப் என்று மணிக்கட்டில் எடை ஏற்றிவிட்டு உடனே பின்னவும் உட்காராதீர்கள். களைத்த கை ஊசியை இறுக்கிப் பிடிக்கும், கண்ணிகள் (ஊசியில் கோத்திருக்கும் நூல் வளையங்கள்) இறுகும், இறுகிய கண்ணிக்குள் ஊசியை நுழைக்க இன்னும் அழுத்துவீர்கள். மாலையில் கட்டை விரலடியில் வலி வந்து நிற்கும். கைக்குப் பயிற்சி செய்த அன்று பின்னலைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். மற்ற நாளிலும் அரை மணிக்கு ஒரு தடவை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். இன்னொன்று, பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் பட்டையைத் தரையில் விடாதீர்கள், வாலு நாய்க்கு அதுவும் கடிக்கிற சாமான்தான்.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. நாய் நூலை விழுங்கிவிட்டால் "நாளைக்கு வெளியே வந்துவிடும்" என்று காத்திருப்பது. நூலின் ஒரு முனை இரைப்பையில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் நகர்ந்துகொண்டே போகும். நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிற மாதிரி குடல் நூலின் மேலேயே சுருங்கி மடியும், இறுகிய நூல் குடல் சுவரை அறுத்துவிடவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது, அந்த அறுப்பை நாமே செய்தது போலாகிவிடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், அந்த உப்பே நாய்க்கு விஷமாகலாம். வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்துக்கொள்வது, இதெல்லாம் தெரிகிற வரை பொறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மிச்ச நூலையும் கையோடு கொண்டுபோங்கள்: உலோக ஊசி எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், நூல் அப்படித் தெரியாது, என்ன நூல், எவ்வளவு காணோம் என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்கு வழி தெரியும்.

நாய் நூற்கண்டைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டதா? "ஏய்!" என்று கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு விளையாட்டு, பிடுங்க வந்தால் பறிபோய்விடுமே என்று அவசரமாக விழுங்கிவிடும். தரையில் உட்கார்ந்து, அதற்குப் பிடித்த அவித்த கோழித்துண்டு ஒன்றைத் தள்ளி வைத்து, "விடு" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். வாயைத் திறந்தால் பாராட்டிவிட்டு நூலை எடுங்கள். இதைச் சும்மா இருக்கும் நாட்களில் ஒரு பழைய பொம்மையை வைத்துப் பழக்கியிருந்தால்தான் நெருக்கடியில் வேலைக்கு ஆகும். காலிங் பெல் அடித்து எழும்போதுகூட ஊசியோடு பின்னலை சோபாவில் போட்டுவிட்டுப் போகாமல் ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள். நீங்கள் கொறிக்கிற கிண்ணத்தில் உலர்திராட்சை இருந்தால் அதுவும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், திராட்சை எந்த வடிவிலும் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

பின்னலில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது ஊசி எண்ணில். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்கள்தான், அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க முறையில் 8 என்றால் 5, 10 என்றால் 6 மி.மீ. இணையத்தில் எடுத்த அமெரிக்க மாதிரிக்கு உள்ளூர் 8ஆம் எண் ஊசியைப் போட்டால் பெரியவர் ஸ்வெட்டர் பையன் அளவுக்கு வந்து நிற்கும். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். முதலில் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் பெரிய சதுரம் ஒன்றைப் பின்னி, துவைத்துக் காயவைத்துப் பிறகு 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி வருகிறது, மாதிரியில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்க்கச் சோம்பல்படாதீர்கள். தேவையான கண்டுகளை ஒரே சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் என்பதற்கான எண்) பார்த்து மொத்தமாக வாங்குங்கள், பாதியில் வாங்கினால் அதே நிறம் என்று சொல்லித் தருவது வெயிலில் வேறாகத் தெரியும்.

அப்புறம், நாய்க்கே ஸ்வெட்டர் பின்னும் ஆசை. சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் லாப்ரடாருக்கு அது தேவையே இல்லை, சூட்டில் அவதிப்படும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இருக்கும் சிப்பிப்பாறை போன்ற குட்டை மயிர், மெலிந்த உடம்பு நாய்க்குத் தாராளமாகப் பின்னலாம். கழுத்து, மார்பின் அகலமான இடம், முதுகின் நீளம் மூன்றையும் அது நிற்கும்போது அளங்கள். பொத்தான் வைக்காதீர்கள், தொங்கும் நூல் முனைகளை உள்ளே கோத்து முடித்துவிடுங்கள், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள்.