வாஷிங்டன் மாநில இளையோர் குழுவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு

ரெட்மண்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்தக் குழுவில் எப்படிச் சேர்வது என்று உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வருடா வருடம் கேட்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

நம் மாநிலச் சட்டமன்றத்துக்கென்று 22 பேர் கொண்ட இளையோர் ஆலோசனைக் குழு இருக்கிறது. நியமிக்கும்போது வயது 14 முதல் 18க்குள் இருக்க வேண்டும். பதவி இரண்டு வருடம். மசோதாவுக்கு ஓட்டுப் போட முடியாது. பள்ளி, மனநலம், வீடில்லாத பிள்ளைகள் என்று இளையோரைத் தொடும் விஷயங்களை அலசி, சட்டமன்றத்துக்குக் கருத்துச் சொல்வதுதான் வேலை.

இதற்குத் தேர்தல் கிடையாது. வசந்த காலத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். இறுதியாக நியமிப்பவர் லெப்டினன்ட் கவர்னர், அதாவது மாநில கவர்னருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தலைமை வகிப்பவரும் அவரே. ஆனால் அதற்கு முன் விண்ணப்பங்களைப் பார்ப்பதில் குழுவில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. உங்கள் வயதுக்காரர் படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள்.

கட்டுரையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். என் அக்கா மகள் முதலில் டிபேட் கோப்பைகளையும் மதிப்பெண்ணையும் அடுக்கியிருந்தாள். "இதெல்லாம் எல்லாரிடமும் இருக்கும்டா, உன் பள்ளியில் எது உன்னை உறுத்துகிறது?" என்று கேட்டேன். தோழி ஒருத்தி பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னாள். சரி, அதையே எழுது என்றேன். எந்த வகுப்பு நேரத்தில் தோழியை அனுப்பினார்கள், கவுன்சிலர் அறைக் கதவில் என்ன ஒட்டியிருந்தது என்பதுவரை எழுதினாள். அதைப் படித்தபோதுதான் அவள் குரல் கேட்டது.

இன்னொன்று. மாநிலம் முழுவதிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்பது விதி. சியாட்டில் பக்கத்திலேயே எல்லா இடத்தையும் கொடுத்துவிட முடியாது. யாக்கிமாவிலோ ஸ்போகேனிலோ உறவுக்காரப் பிள்ளை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், சட்டமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் டிவிடபிள்யூ (TVW) சேனலில் ஒரு கமிட்டி விசாரணையை முழுதாகப் பாருங்கள். பிடித்த மசோதா இருந்தால் நீங்களே ஜூம் வழியாகச் சாட்சியம் சொல்லலாம். அதற்குக் குழுவில் இருக்க வேண்டியதில்லை. கட்டுரையில் எழுதவும் உருப்படியான அனுபவம் கிடைக்கும்.

அப்புறம், வீட்டில் பேசிவிடுங்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். சட்டமன்றம் இருக்கும் தலைநகர் ஒலிம்பியாவுக்கு யார் காரில் கூட்டிப்போவது என்று முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.