அலாய் வீல் மாற்றுமுன் ஆஃப்செட் பாருங்கள்

வீலின் உள்பக்கம் பொறித்திருக்கும் ஈ.டி. எண்தான் ஆஃப்செட்; அதாவது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வீல் மாட்டும் அச்சுத்தலை) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. பழையது 6 இன்ச், ஈ.டி. 45; புதியது 7 இன்ச், ஈ.டி. 40 என்றால் வெளியே சுமார் 18 மி.மீ. தள்ளும், உள்ளே 8 மி.மீ. நெருங்கும். உள்ளே ஸ்ட்ரட்டில் (சஸ்பென்ஷன் தண்டு) இடித்தால், ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 5 மி.மீ. ஸ்பேசர் தகடு போடலாம். ஆனால் 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. பிட்ச்சும் (மரைக்கு மரை இடைவெளி) உள்ள ஸ்டட்டில், அதாவது வீலை மாட்டும் ஹப் போல்ட்டில், நட் எட்டுச் சுற்றாவது ஏறணும். ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

நம்ம டெல்டா வண்டிகளில் வயல்சேறு ஹப் முகத்தில் காய்ந்து அப்பியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்தபிறகே ஸ்பேசரை வையுங்கள். நகக்கண் அளவு மண் இருந்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும், நட் தளரும். ஆளை ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஃபெண்டரில் உரசுகிறதா பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்வந்ததும், அதாவது 80 கி.மீ. ஓடியதும், டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.