க.பொ.த. உயர்தர உயிரியல்: பாஸ் பேப்பர் (கடந்த கால வினாத்தாள்) கேள்விகளைச் சேர்ந்து செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளிடம் ரியூட்டுக்கு, அதாவது ரியூசனில் கொடுக்கிற அச்சுத் தாள்களுக்கு, குறைவில்லை. பள்ளிக்கூடம் முடிந்தால் ரியூசன், அது முடிந்தால் இன்னொரு ரியூசன். ஆனால் தான் எழுதிய விடையை ஒருவரிடம் வாசித்துக் காட்டி, "இது சரியா?" என்று கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதை நண்பர்களே தங்களுக்குள் செய்துகொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இந்தப் பதிவு.

படி 1: ஆட்களும் இடமும்

மூன்று, நான்கு பேர் போதும். கூடினால் ஒருவர் கதைக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவார்கள். நூலகத்தில் சத்தமாகக் கதைக்க முடியாது. யாராவது ஒருவருடைய வீட்டு விறாந்தைதான் வசதி. ரியூசன் இல்லாத ஒரு பின்னேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கையில் இருக்க வேண்டியவை

பாஸ் பேப்பர், அதற்குரிய புள்ளித்திட்டம், தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல். முதலாம் தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். இரண்டாம் தாளுக்கு 3 மணித்தியாலம்: அமைப்புக் கட்டுரை நான்கையும் எழுத வேண்டும், கட்டுரை ஆறில் நான்கைத் தெரிவு செய்யலாம்.

படி 3: தனியாக எழுதிவிட்டு வாருங்கள்

இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். வெறுங்கையோடு வருபவர் மற்றவர்களின் விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார். அவருக்கு எது விளங்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. பிழையாக இருந்தாலும் சொந்த விடை வேண்டும்.

படி 4: காரணத்தைக் கேளுங்கள்

ஒரு கேள்வியை எடுப்போம். "இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரைவிடத் தடிப்பாக இருப்பது ஏன்?" பலர் "இடது பக்கம் கூடுதலான குருதியை வெளியேற்றுவதால்" என்று எழுதுவார்கள். உடனே "பிழை" என்று சொல்லிச் சரியான விடையைக் கொடுத்துவிடாதீர்கள். "சரி, இடது பக்கம் கூடுதலாக அனுப்பினால் அந்த மேலதிகக் குருதி எங்கேயிருந்து வந்தது?" என்று கேளுங்கள்.

அவர் யோசிப்பார். நுரையீரலுக்குப் போன குருதிதான் இடது பக்கத்துக்குத் திரும்பி வருகிறது. அதனால் இரண்டு இதயவறைகளும் ஒரு துடிப்பில் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் வெளியேற்றுகின்றன. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரில் அது சுமார் 70 மில்லிலீற்றர். அப்படியானால் வேறுபடுவது அமுக்கம். உடல் முழுவதற்கும் குருதியை அனுப்ப உயர்ந்த அமுக்கம் வேண்டும், பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குக் குறைந்த அமுக்கமே போதும். இவ்வளவையும் அவரே தன் வாயால் சொல்லி முடித்தால் அந்த விடை மறக்காது. கேள்வி கேட்டவருக்கும் பாடம் இறுகும்.

இரவில் யாராவது வட்ஸ்அப்பில் கேள்வியைப் படம் எடுத்து அனுப்பினாலும் இதே முறைதான். பதிலுக்கு விடையின் படத்தை அனுப்பாமல், ஒரு குறிப்பை மட்டும் குரல் பதிவாக அனுப்புங்கள்.

படி 5: பல்தேர்வு

சரியான விடையைச் சொன்னால் மட்டும் காணாது, மற்ற நான்கும் ஏன் பிழை என்று ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். 41 முதல் 50 வரையான வினாக்களில் ஐந்து கூற்றுகள் இருக்கும். எந்தக் கூற்றுகள் சரியென்றால் எந்த விடை எண் என்று காட்டுகிற, மேலே உள்ள அறிவுறுத்தல் அட்டவணையைப் பார்க்க முன்னர், ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை போடுங்கள். அட்டவணையை முதலே பார்த்தால் விடை அதற்குள் பொருந்த வேண்டும் என்று மனம் இழுக்கும்.

படி 6: கட்டுரையை மாற்றித் திருத்துங்கள்

கொப்பிகளை மாற்றி, புள்ளித்திட்டத்தை வைத்துத் திருத்துங்கள். புள்ளி கருத்துக்குத்தான், அழகான முன்னுரைக்கு ஒன்றும் கிடையாது. சிறுநீர் உருவாகும் விதத்தைக் கேட்டால், கலன்கோளத்தில் வடிகட்டல், மீள அகத்துறிஞ்சல், சுரத்தல் என்ற ஒழுங்கில் ஒவ்வொரு கருத்தும் தனி வசனமாக இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டதை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். நண்பர் என்பதற்காக இரக்கப்பட்டுப் புள்ளி போடாதீர்கள், பரீட்சையில் திருத்துபவருக்கு அவரைத் தெரியாது.

வாக்குவாதம் வந்தால் வள நூலைத் திறவுங்கள். அதிலும் தீராவிட்டால், கேள்வியையும் இரண்டு பக்க நியாயத்தையும் ஒரு தாளில் எழுதி அடுத்த நாள் பாட ஆசிரியரிடம் கொண்டு போங்கள். அவர் சொன்னதை எல்லோருடைய கொப்பியிலும் ஏற்றிவிட்டு அடுத்த பேப்பரைத் தொடங்குங்கள்.