புது மீன்தொட்டி வச்சவுடனே மீன் சாகுதா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஞாயித்துக்கிழமை நாகர்கோவில் போய் தொட்டி, கல்லு, ஃபில்டர், கூடவே எட்டு கோல்ட் பிஷ், எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்கிட்டு வந்து சாயங்காலமே தண்ணி நிரப்பி மீனை விட்டோம், புதன்கிழமை ரெண்டு மீனு மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது, சனிக்கிழமைக்குள்ள பாதி செத்துப் போச்சு. தக்கலைல எங்க வீட்டுல நடந்தது இது, பிள்ளை அழுதது இன்னும் எனக்கு மனசுல கெடக்கு. கடைலயே சீக்கு மீனைத் தந்துட்டாங்கன்னுதான் அன்னைக்கு நெனச்சேன். அப்புறம் படிச்சுப் பாத்தாதான் தெரியுது, கொன்னது தொட்டித் தண்ணில சேந்த அம்மோனியா.

மீனு செவுள் வழியாவும் கழிவுலயும் அம்மோனியாவை விட்டுட்டே இருக்கும், மிச்சம் கெடக்குற தீனி அழுகினாலும் அதேதான் வரும். குளத்துல இதைத் தின்னுறதுக்குன்னே பாக்டீரியா இருக்கு, ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், அது கொஞ்சம் சாது, வாராவாரம் தண்ணி மாத்தினா கொறஞ்சிடும். புதுத் தொட்டில இந்த பாக்டீரியா கிட்டத்தட்ட கெடையாது. ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் அது வளந்து வர நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரை ஆகும். தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கேன்னு பாத்து ஏமாந்துடாதீங்க மக்கா, அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

அதனால மொதல்ல தொட்டியை மட்டும் வைங்க. ஃபில்டரை ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுங்க, அது அழுகி வர்ற அம்மோனியாலதான் பாக்டீரியா வளரும். தண்ணியைச் சோதிக்கிற டெஸ்ட் கிட் வாங்கி அப்பப்ப பாருங்க, அம்மோனியா ஏறி எறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி எறங்கும், ரெண்டும் சைபர் ஆகி நைட்ரேட் காட்டினா தொட்டி தயார். தெரிஞ்சவங்க வீட்டுல நல்லா ஓடுற பழைய தொட்டி இருந்தா அந்த ஃபில்டர் ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயாம தொட்டித் தண்ணிலயே போட்டுக் கொண்டு வாங்க, வேலை பாதி கொறையும். பிள்ளை நச்சரிக்கத்தான் செய்யும், வெறும் தொட்டியை ஒரு மாசம் எப்படிப் பாத்துட்டு இருக்கன்னு, ஆனா செத்த மீனை எடுத்துக் கொல்லைல பொதைக்கிறதை விட அது மேல்.

நம்ம பக்கம் பலருக்கும் கெணத்துத் தண்ணி. கெணறுதானே, குளோரின் எங்க இருக்கப்போவுதுன்னு அப்படியே ஊத்துவோம். மழை முடிஞ்சதும் கெணத்துல ப்ளீச்சிங் பவுடர் போட்டிருந்தா அது குளோரின்தான், செவுளை எரிச்சிடும். வாளில புடிச்சு ஒருநாள் தொறந்து வைங்க, ஏர் பம்ப் போட்டா இன்னும் நல்லது, அவசரம்னா கடைல விக்கிற ஆன்டி குளோரின் சொட்டு விடுங்க. போர் தண்ணில ஆக்சிஜன் கொறைவா இருக்கும், அதையும் இப்படி வச்சே ஊத்துங்க.

கொளச்சல், முட்டம்னு போனா சிப்பியும் கடல் மண்ணும் அள்ளிட்டு வந்து போடுற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். சிப்பில இருக்குற சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியோட பிஎச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டுற அளவு, ஏறும், பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியா கூடுதல் விஷமாகும். நல்லா கழுவின ஆத்துக் கல்லு போதும். எதைக் கழுவினாலும் சோப்பு மட்டும் போடாதீங்க.

மீனு கொண்டு வந்ததும் கவரைப் பிரிக்காம இருபது நிமிஷம் தொட்டில மெதக்க விடுங்க, பிறகு தொட்டித் தண்ணியை கொஞ்சங்கொஞ்சமா கவருக்குள்ள சேத்து, வலையால மீனை மட்டும் எடுத்து விடுங்க, கவர் தண்ணி உள்ள போவேண்டாம். மொதத் தடவை நாலு கப்பி மீனு போதும், கோல்ட் பிஷ் ரொம்பக் கழிவு விடும், சின்னத் தொட்டிக்கு அது ஆவாது. அடுத்த மீனுக்கு ரெண்டு வாரமாவது பொறுங்க. ரெண்டு நிமிஷத்துல தின்னு தீக்குற அளவுக்கு மேல தீனி போடவும் கூடாது.

தொட்டி அழுக்கா இருக்குன்னு மொத்தத் தண்ணியையும் கொட்டி, ஸ்பாஞ்சை பைப்புல பிழிஞ்சு கழுவுறதுதான் நான் ரெண்டாவது பண்ணுன தப்பு. கால் பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க, ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணிலயே லேசா அலசுங்க, இல்லன்னா வளத்த பாக்டீரியா எல்லாம் போயிடும், மறுபடியும் மொதல்ல இருந்து. ராத்திரி சத்தமா இருக்குன்னு ஃபில்டரை ஆஃப் பண்றதும் அதே கேடுதான், அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும்.

கரண்ட் விஷயத்துல நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க கூடுதலா கவனமா இருக்கணும். நமக்கு ரெண்டு மழையும் உண்டு, காத்தடிச்சா ரப்பர் மரம் லைன்ல விழுந்து கெடக்கும், 2017 ஓக்கி புயல்ல நாள்கணக்கா கரண்ட் இல்லாம இருந்தோமே. பேட்டரில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க. அதுவும் இல்லன்னா அரைமணிக்கு ஒருக்கா ஒரு கப்புல தண்ணியை மோந்து ஒரு சாண் உயரத்துல இருந்து தொட்டிலயே ஊத்துங்க, கரண்ட் வர்ற வரை தீனி போடவே வேண்டாம்.