அடுக்ககத்தில் மின்சிக்கனக் குழு: பொது மீட்டரில் தொடங்குங்கள்

மின்சிக்கனக் குழு என்றதும் பல அசோசியேஷன்கள் முதலில் செய்வது, லிஃப்ட் பக்கத்தில் 'விளக்கை அணையுங்கள்' என்று ஒரு நோட்டீஸ் ஒட்டுவது. அதை யாரும் படிப்பதில்லை. அடுத்தவர் வீட்டு ஃபேனைப் பற்றிப் பேசும் தகுதி குழுவுக்கு எடுத்த எடுப்பில் கிடைக்காது. லிஃப்ட், மோட்டார், வராந்தா விளக்கு ஓடும் பொது மீட்டரில் மிச்சம் பிடித்துக் காட்டினால் தானாக வரும். எனவே முதல் ஆறு மாதம் வீடுகள் பக்கமே போகாதீர்கள். தமிழ்நாட்டில் நான்கு மாடி, 40 வீடு, ஒரு லிஃப்ட், ஒரு சம்ப் உள்ள குடியிருப்பை வைத்துச் சொல்கிறோம்.

குழுவுக்கு ஐந்து பேர் போதும். ஆர்வத்தைப் பார்த்து எடுப்பதைவிட, சுவிட்சும் சாவியும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்து எடுப்பது நல்லது. மோட்டார் போடும் வாட்ச்மேன், பொருளாளர், வாடகைக்கு இருப்பவர் ஒருவர், கணக்கு எழுதச் சலிக்காத ஒருவர், வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன். வாட்ச்மேனை விட்டுவிட்டு அமைத்த குழு எடுக்கும் முடிவு மோட்டார் ரூம் வரை போய்ச் சேராது. மின்சாதனம் விற்கும் குடியிருப்பாளர் இருந்தால் அவரிடம் யோசனை கேளுங்கள், பொருள் வாங்காதீர்கள். கமிஷன் பேச்சு ஒருமுறை கிளம்பினால் குழு அத்தோடு முடிந்தது.

தனிப் பதிவெல்லாம் தேவையில்லை. பொதுக்குழுத் தீர்மானம் ஒன்று போதும். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: மீட்டர் அறைக்குப் போகவும் பில்களைப் பார்க்கவும் உரிமை, கேட்காமல் செலவழிக்க ஒரு வரம்பு (10,000 ரூபாய் போல), ஓராண்டுக்கு மிச்சமாகும் தொகையில் பாதி குழுவின் கணக்குக்கே திரும்ப வேண்டும் என்பது. மூன்றாவதை எழுதாமல் விட்டால் மிச்சமான பணம் பெயின்ட் வேலைக்குப் போய்விடும், இரண்டாவது வேலைக்குக் காசு இருக்காது.

அளந்துவிட்டுப் பேசுங்கள்

பொது மீட்டரின் கடைசி ஆறு பில்களை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஓர் ஆண்டு வந்துவிடும். பொதுப் பயன்பாட்டு இணைப்பு 1டி என்ற மின்கட்டணப் பிரிவில் இருந்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகிறது, இலவச யூனிட்டும் கிடையாது. பத்து வீடு, மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 அக்டோபரில் குறைந்த விகிதம் அறிவித்தார்கள். சிறிய குடியிருப்பானால் அந்த விகிதத்தில் பில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். சித்திரை வெயில் பில்லை மார்கழி பில்லோடு ஒப்பிடக் கூடாது. போன ஆண்டின் அதே இரண்டு மாதம்தான் சரியான ஒப்பீடு.

இனி ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் ரீடிங் எழுதுங்கள். ஒருநாள் மட்டும் இரவு 2 மணிக்கு, மோட்டாரும் லிஃப்டும் நின்றிருக்கும்போது, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு எத்தனை விநாடியில் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு, 1600 துடிப்பு என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 36,00,000-ஐத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அச்சிட்ட எண்ணாலும் ஆன விநாடிகளாலும் வகுத்தால் வாட் கிடைக்கும். 3200 துடிப்பு மீட்டரில் 9 விநாடிக்கு 10 துடிப்பு என்றால் 1250 வாட். சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கருவி) வைத்த பெரிய மீட்டரானால் அதற்குரிய பெருக்கும் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வராந்தாவில் 20 எல்இடி டியூப் எரிந்தால் அது 400 வாட். மீதி 850 எங்கே போகிறது? பார்க்கிங்கில் மறந்துபோன ஹாலஜன், ஆளில்லாமல் ஓடும் லிஃப்ட் ஃபேன், யாரும் கவனிக்காத பழைய ஆம்ப்ளிஃபயர். ஒரு வீட்டு இன்வெர்ட்டரோ ஏசியோ பொது லைனில் ஓடுவதும் உண்டு. பெரும்பாலும் ஒயரிங் செய்தபோது நேர்ந்த குளறுபடியாக இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அந்த வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லி மாற்றிவிடுங்கள்.

மோட்டார்

பெரிய தொகை இங்கேதான் ஒளிந்திருக்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இழப்பே இல்லாவிட்டால், 0.055 யூனிட் போதும். நடைமுறையில் நல்ல மோட்டார் செட் 0.11 முதல் 0.14 யூனிட் வரை எடுக்கும். 0.2-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு.

சோதிப்பது எளிது. தண்ணீர்ச் செலவு குறைந்த மதியம் 3 மணிக்கு மோட்டாரைப் போட்டு, மேல்தொட்டியில் ஒரு அடி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 10 அடிக்கு 10 அடி தொட்டியில் ஒரு அடி என்பது ஏறக்குறைய 2,830 லிட்டர். மோட்டார் ஓடும்போது மினுக்கலை எண்ணி, முன்பு கண்ட மாதிரி வாட் கணக்கிட்டு, அந்த நேரத்தில் எரியும் மற்ற சுமையைக் கழியுங்கள். 4 கிலோவாட் மோட்டார் 12 நிமிடம் ஓடினால் 0.8 யூனிட், ஆயிரம் லிட்டருக்கு 0.28. நல்ல செட் எடுப்பதைப் போல இரண்டு மடங்கு!

காரணங்களை மலிவானதிலிருந்து தேடுங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் காற்று பிடித்துத் தண்ணீர் ஏறத் தாமதமாகும். கேட் வால்வைப் பாதி மூடி வைத்திருந்தால், தேவைக்கு மேல் பெரிய மோட்டாரை யாரோ அடக்கி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். குறுகலான குழாய், தேய்ந்த இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எல்லாம் அதற்குப் பிறகு. புது மோட்டார்தான் வேண்டுமென்றால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஹெச்.பி.யைக் கூட்டாதீர்கள், உயரத்தையும் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் சொல்லி, அந்தப் புள்ளியில் திறன் அதிகமுள்ள மாடலைக் கேளுங்கள்.

நீர்மட்டம் பார்த்து மோட்டாரைத் தானாக நிறுத்தும் லெவல் கன்ட்ரோலர் கட்டாயம். மேல்தொட்டியில் மட்டும் வைத்தால் போதாது, சம்ப்பிலும் வேண்டும். இல்லாவிட்டால் வறண்ட சம்ப்பில் மோட்டார் ஓடி சீல் கருகும். பேனலைத் திறப்பது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, குழுவினர் கை வைக்கக் கூடாது.

விளக்கு, பிறகு வீடுகள்

பழைய சோக் வைத்த டியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். இருபது டியூப், இரவு 12 மணி நேரம், 60 நாள்: 720 யூனிட். 20 வாட் எல்இடியில் 288. இந்த மாற்றத்துக்குக் கூட்டமே போட வேண்டாம். அசைவு சென்சாரில்தான் கவனம் தேவை: மலிவு சென்சார் பல எல்இடியை ஒன்றாகத் தாங்காது, உள்ளே சுவிட்ச் வேலை செய்யும் ரிலே ஒட்டிக்கொண்டு விளக்கு விடியும்வரை எரியும். ஒரு சென்சாருக்கு மூன்று, நான்கு விளக்குக்கு மேல் வேண்டாம். மாடிப்படியில் எப்போதும் எரிகிற ஒரு விளக்காவது இருக்கட்டும். வயதானவர்கள் இருட்டில் கால் வைக்கும் முன் சென்சார் விழிக்கும் என்று நம்ப முடியாது.

ஆறு மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு வீடுகளுக்கு வாருங்கள். முதலில் ஃபேன். பழையது 75 வாட், பிஎல்டிசி என்னும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புது வகை ஏறக்குறைய 30. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். 500 யூனிட்டைச் சற்றே தாண்டும் வீட்டுக்கு இது பெரிது; தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு அதிக விலை என்பது மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் சலுகை விலையும் போய்விடும். முப்பது, நாற்பது ஃபேன் சேர்ந்தால் மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்குங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டபின் விலை பேசுங்கள், பிஎல்டிசியில் பழுதாவது பெரும்பாலும் சர்க்யூட் போர்டுதான். எந்த வீட்டின் யூனிட்டையும் பெயரோடு ஒட்டாதீர்கள்.

சோலாரைக் கடைசிக்கு வையுங்கள். பயன்பாட்டைக் குறைத்துவிட்டுக் கணக்கிட்டால் பேனலும் குறைவாகத்தான் தேவைப்படும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி, நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். டிசம்பரில் நிழல் நீளம், ஆகவே டிசம்பர் கோட்டை வைத்தே பேனல் இடத்தை முடிவு செய்யுங்கள்.