ஒகேனக்கல் போகிறீர்களா? அப்பர்ச்சரையும் கொஞ்சம் கவனியுங்கள்

கேமராவில் எஃப் 2.8, எஃப் 8 என்று வரும் எண்கள் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவைச் சொல்பவை. எண் சிறியது என்றால் துளை பெரியது. லென்ஸின் குவியத் தூரத்தை (ஒளியைக் குவிக்கும் தூரம்) துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் என்பதால்தான் இந்தத் தலைகீழ்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் ஒரு பூங்கொத்தை மட்டும் எடுக்க எஃப் 2.8 போதும். கிட்டப் போய் எடுத்தால் பின்னால் உள்ள மரங்கள் கரைந்துவிடும். இதே அளவில் ஒகேனக்கல் பரிசலில் இருக்கும் குடும்பத்தைக் கிட்டத்தில் எடுத்தால் சிக்கல்: முன்னால் இருக்கும் பிள்ளை தெளிவு, பின்னால் துடுப்புப் போடுபவர் மங்கல். அங்கே எஃப் 5.6 அல்லது 8 வையுங்கள். பாறையும் அருவியும் சேர்ந்து தெளிய வேண்டுமா? எஃப் 11.

சரி, வெளிச்சம்? 2.8இலிருந்து 5.6க்குப் போனால் உள்ளே வருவது நான்கில் ஒரு பங்குதான். ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/1000 நொடியிலிருந்து 1/250 நொடிக்கு இறக்கி ஈடுகட்டலாம். ஆனால் பரிசல் ஆடும், சுழலும். அதனால் நான் ஷட்டரைத் தொடாமல் ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 100இலிருந்து 400க்கு ஏற்றிவிடுவேன். லேசாகப் புள்ளி தட்டினாலும், அசைந்த படத்துக்கு அது தேவலை.

எஃப் 22 வரை போகாதீர்கள். சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுக்கக் கூர்மை குறையும். பெரும்பாலான செல்போன்களில் துளை மாறாது, போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் மென்பொருள் வேலை.